எந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்வது?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. காலையில் இரணியலில் ரயிலேறி, கழக்கூட்டத்தில் இறங்கி, டெக்னோபார்க்கில் நாள் முழுக்க வேலை பார்த்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற ஒருவர், மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். முதல் போனஸ் வந்திருக்கிறது, அதில் புத்தகம் வாங்க ஆசை, பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கிற மாதிரி என்ன வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். எதைக் கேட்டாலும் ஏஐ பதில் சொல்லும் இந்தக் காலத்தில் புத்தகமே வேண்டுமா என்றும் ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதற்குப் பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

நீங்கள் எழுதிய சர்வர் புரோகிராமை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓடவிட்டால், சில நேரம் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று முரண்டு பிடிக்கும். இதைப் பார்க்காத டெவலப்பர் இருக்க மாட்டார். ஏஐயிடம் கேட்டால், சாக்கெட்டில் ரீயூஸ் அட்ரஸ் என்ற ஆப்ஷனைப் போடச் சொல்லும். போட்டால் வேலை நடக்கும். அத்தோடு நீங்கள் அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடுவீர்கள்.

இதே விஷயத்தை ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1994-இல் எழுதிய 'டிசிபி/ஐபி இல்லஸ்ட்ரேட்டட்' முதல் பாகத்தில் படித்தால் கதை வேறு மாதிரி போகும். இணைப்பை முதலில் மூடுகிற பக்கம், மூடிய கையோடு எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. டைம் வெயிட் என்பார்கள். காரணம் இரண்டு. கடைசியாக அனுப்பிய ஒப்புகை வழியில் தொலைந்திருக்கலாம். எதிர்ப்பக்கம் தன் முடிவுச் செய்தியைத் திரும்ப அனுப்பினால் பதில் சொல்ல இங்கே ஆள் வேண்டும். அதோடு, பழைய இணைப்பைச் சேர்ந்த பாக்கெட் ஒன்று எங்கேயோ சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால், அதே முகவரியில் அதே போர்ட்டில் புதிதாகத் தொடங்கிய இணைப்புக்குள் அது நுழைந்துவிடக் கூடாது. அதனால் ஒரு பாக்கெட் உயிரோடிருக்கக்கூடிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு காத்திருப்பு. 1981-இல் வந்த டிசிபி வரையறை அந்த ஆயுளை 2 நிமிடம் என்று வைத்தது. லினக்ஸ் மொத்தக் காத்திருப்பையே 60 விநாடியில் முடித்துக்கொள்கிறது. இவ்வளவையும் ஸ்டீவன்ஸ் வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை. டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டு, கம்பியில் போன ஒவ்வொரு பாக்கெட்டையும் நேரத்தோடு அச்சிட்டு, வரி வரியாக நம்மோடு சேர்ந்து படிக்கிறார்.

இந்தக் காரணத்தை ஏஐயும் சொல்லும், கேட்டால். கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்ற வேண்டுமே! சிக்கலைச் சொல்லிக் கேட்டால் தீர்வு வருகிறது. தீர்வுக்குப் பின்னால் யாரோ எதையோ பாதுகாப்பதற்காக வேண்டுமென்றே வைத்த தடை ஒன்று இருக்கிறது என்பது, அந்தப் பாடத்தை முழுதாக எழுதிய ஒருவரோடு கொஞ்ச தூரம் நடந்தவருக்குத்தான் தெரியும். ஸ்டீவன்ஸ் 1999-இல் காலமானார். அவர் விளக்கிய 1981-ஆம் ஆண்டு வரையறைக்குப் பதிலாகப் புது வரையறை வந்தது 2022-இல். அதிலும் டைம் வெயிட் இருக்கிறது, அதே காரணங்களோடு.

வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம் எது என்று கேட்டீர்களே, இதைத்தான் சொல்வேன். எப்படிச் செய்வது என்பதோடு நிற்காமல், ஏன் இப்படி முடிவெடுத்தார்கள், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைச் சொல்கிற புத்தகம். எந்த பட்டனை அழுத்துவது என்பது அடுத்த வெர்ஷனில் மாறும். எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கினார்கள் என்ற கணக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஏதாவது பழைய புத்தகக் கடைக்குப் போய் கம்ப்யூட்டர் அடுக்கின் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-க்கான தடித்தடிப் புத்தகங்கள், ஸ்ட்ரட்ஸ் முதல் வெர்ஷன், ஃபிளாஷ் கற்றுத்தரும் புத்தகம், ஆங்குலர்ஜேஎஸ். ஸ்ட்ரட்ஸ் 1-க்கு 2013-இல் முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தப் புத்தகங்கள் மோசமானவை என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு எத்தனையோ பேருக்கு அவை சம்பளம் வாங்கிக் கொடுத்தன. ஆனால் அவை தங்கள் கருவியோடு பிறந்து கருவியோடு போனவை. அதே அடுக்கில் அட்டை கிழிந்து கிடக்கும் 'தி சி புரோகிராமிங் லாங்வேஜ்' அப்படியல்ல. கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதி, 1988-இல் இரண்டாம் பதிப்பாகத் திருத்தியது. நம் ஆட்கள் கே அண்ட் ஆர் என்பார்கள். முந்நூறு பக்கம்கூட இல்லை. பாயிண்டர் அத்தியாயத்தில் ஒரு சரத்தை இன்னொன்றில் நகலெடுக்கிற சின்ன ஃபங்ஷனை நாலு முறை எழுதிக் காட்டுவார்கள். முதலில் அர்ரேயாக, பிறகு பாயிண்டராக, பிறகு இன்னும் சுருக்கி, கடைசியில் கிட்டத்தட்ட ஒரே வரியாக. சி மொழியில் வேலையே செய்யாதவரும் அந்தப் பக்கங்களைப் படிக்கலாம். அதற்குப் பிறகு மொழி எவ்வளவோ வளர்ந்துவிட்டது, அதனால் இன்றைய சி-க்கு அது முழு விவரமும் தராது. ஆனாலும் அலமாரியை விட்டுப் போகாது.

வாங்குவதற்கு முன் நான் செய்கிற சோதனையைச் சொல்கிறேன். எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவில் அதைத் தேடி, அந்தப் பக்கத்தைப் படிப்பேன். தெரியாத விஷயத்தைப் படித்தால் எந்தப் புத்தகமும் நல்ல புத்தகமாகத்தான் தெரியும். தெரிந்ததைப் படிக்கும்போது புதிதாக ஒரு வரி கிடைத்தால் அந்த ஆசிரியர் நம்மைவிட ஆழம் போனவர். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். சொல்லடைவே இல்லை, அல்லது ஒப்புக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்றால் அது திரும்ப எடுத்துப் பார்ப்பதற்காகச் செய்த புத்தகமே அல்ல.

இன்னொரு அடையாளமும் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பிழை கண்டுபிடிக்கப்பட்ட புத்தகத்தைக் குறைந்த புத்தகம் என்று நினைக்காதீர்கள்.

பைனரி சர்ச் உங்களுக்குத் தெரியும். வரிசையாக அடுக்கிய பட்டியலில் நடுவைப் பார், சிறியதா பெரியதா என்று பாதியைத் தள்ளு, மிச்சத்தில் மறுபடி நடுவைப் பார். இந்த யோசனை 1946-லேயே வெளிவந்தது. எல்லா அளவுப் பட்டியலுக்கும் சரியாக வேலை செய்கிற வடிவம் அச்சில் வருவதற்கு அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் போல ஆனது என்று டொனால்ட் க்னூத் தன் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' வரிசையின் மூன்றாம் பாகத்தில் காட்டுகிறார். பெல் லேப்ஸில் இருந்த ஜான் பென்ட்லி, தொழில்முறை புரோகிராமர்களிடம் இதை எழுதச் சொல்லி, பெரும்பாலோர் தப்பாக எழுதுவதைப் பார்த்தார். 1986-இல் வந்த தன் 'புரோகிராமிங் பெர்ல்ஸ்' புத்தகத்தின் ஒரு முழு அத்தியாயத்தில் இதைச் சரி என்று நிரூபித்தே எழுதினார்.

அந்த நிரூபித்த புரோகிராமிலும் ஒரு பிழை இருந்தது. நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? 32 பிட் முழு எண்ணில் 214 கோடிச் சொச்சத்துக்கு மேல் இடமில்லை. பட்டியலில் 107 கோடிக்கு மேல் உருப்படிகள் இருந்தால் அந்தக் கூட்டல் நிரம்பி வழிந்து, விடை எதிர்மறை எண்ணாக மாறிவிடும். 1986-இல் அவ்வளவு பெரிய பட்டியலை நினைவகத்தில் வைப்பதைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜாவாவின் சொந்த லைப்ரரியில் இதே பிழை ஏறத்தாழ ஒன்பது வருஷம் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்தான் 2006-இல் அதை வெளிப்படையாக எழுதினார், பென்ட்லியின் புத்தகத்திலும் அது இருக்கிறது என்பதையும் சேர்த்து. திருத்தம் ரொம்பச் சின்னது. இரண்டு எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்துக் கீழ் எல்லையோடு கூட்டினால் போதும்.

அப்படியானால் பென்ட்லியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? நான் அதற்கப்புறம்தான் அந்தப் புத்தகத்தை இன்னும் மதிக்க ஆரம்பித்தேன். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் எது மாறாமல் உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு யோசிக்கிற பழக்கத்தை அவர் அந்த அத்தியாயத்தில் கற்றுத் தருகிறார். அந்தப் பழக்கம் இருப்பவர்தான் கூட்டல் எங்கே வழியும் என்று கேட்பார். பிழையைக் கண்டுபிடிக்கிற கருவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போன புத்தகம் அது. உங்கள் அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்குங்கள். பக்க ஓரத்தில் அந்தத் திருத்தத்தைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.

க்னூத் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார். தன் புத்தகத்தில் யார் முதலில் பிழை கண்டுபிடித்தாலும் 2.56 டாலருக்குக் காசோலை. 256 சென்ட் என்பது பதினாறு அடிமான எண்முறையில் சரியாக 100. அந்தக் காசோலையை மாற்றாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தவர்கள் ஏராளம். பிரெட் புரூக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 வேலையை நடத்திய அனுபவத்தில் 1975-இல் எழுதிய 'தி மித்திகல் மேன்மந்த்' புத்தகத்துக்கு இருபது வருஷம் கழித்துப் புதுப் பதிப்பு வந்தபோது, புரோகிராமின் பகுதிகளுக்கிடையே தகவலை மறைத்துவைப்பது பற்றி டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிஞர் சொன்னதுதான் சரி, தான் எழுதியது தவறு என்று ஒரு பகுதிக்குத் தலைப்பே போட்டுச் சேர்த்தார். முதல் பதிப்பின் வரிகளை அழித்துவிட்டு நல்ல பிள்ளையாக நடிக்கவில்லை. தப்பும் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது. தாமதமாகிவிட்ட வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னது மட்டும் திருத்தப்படாமல் நிற்கிறது. உங்கள் டீமிலேயே அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு நூலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் புதுப்பித்துக் காக்கிற வழக்கம் நம் நாஞ்சில் நாட்டுக்கு அந்நியமானதல்ல. வர்ம ஆசான்களின் குடும்பங்களில் ஏடுகள் கைமாறி வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் தொழில்நூல்தான். எந்த இடத்தில் அடிபட்டால் என்ன ஆகும், எப்படி இளக்குவது, எந்த எண்ணெய் என்று வேலை செய்கிறவர் கையில் வைத்திருக்க வேண்டியது. இங்கே தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. இந்த ஈரத்தில் பனையோலை தானாக நிற்காது. பூச்சி அரிக்கும் முன் ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணியால் படியெடுக்க வேண்டும். இன்றைக்கு மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு ஏடும், இதற்கு இன்னொரு முறை கைநோக எழுதும் தகுதி உண்டு என்று யாரோ ஒருவர் முடிவெடுத்ததால் மிஞ்சியது. ஒரு தொழில்நுட்பப் புத்தகம் மூன்றாம் பதிப்பு, நான்காம் பதிப்பு என்று வருவதை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஸ்டீவன்ஸின் யூனிக்ஸ் புத்தகம் 1992-இல் வந்தது. அவர் போன பிறகு ஸ்டீபன் ராகோ என்பவர் அதை எடுத்து 2005-இலும் 2013-இலும் புதுப்பித்தார். ஆசிரியர் இல்லாத நிலையிலும் ஒருவர் அந்தப் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார் என்பதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

சில பெரிய பெயர்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. நான்கு பேர் சேர்ந்து எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், வாங்க வேண்டாம். அதிலுள்ள 23 பேட்டர்ன்களில் பல இன்றைக்கு மொழிக்குள்ளேயே கரைந்துவிட்டன. 'கிளீன் கோட்' ஒரு முறை படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கிற புத்தகம். மார்ட்டின் கிளெப்மனின் 'டிசைனிங் டேட்டா-இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ்' 2017-இல்தான் வந்தது என்றாலும் நிச்சயம் வாங்குங்கள். எந்தக் குறிப்பிட்ட டேட்டாபேஸையும் விற்கப் பார்க்காமல், ஒவ்வொரு வடிவமைப்பும் எதைத் தந்து எதை எடுத்துக்கொள்கிறது என்றுதான் முழுக்கப் பேசுகிறது. வயது குறைவான புத்தகங்களில் இவ்வளவு நம்பிக்கையோடு நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

கல்லூரியில் படித்த பாலகுருசாமியின் பாடநூலையும் கனேத்கரின் 'லெட் அஸ் சி'யையும் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கோணத்திலோ சுங்கான்கடையிலோ படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த இரண்டு வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள், அதை மறக்கக் கூடாது. பாடநூலை மலிவு விலையில் கொண்டுவருவது நம் நாட்டில் தனி உழைப்பாகவே நடந்திருக்கிறது. ஈரோட்டில் பிறந்து, 1960-களில் ஐஐடி கான்பூரில் கணினி அறிவியல் கற்பிக்க ஆரம்பித்த வி. ராஜாராமன், மாணவர் கையில் காசுக்கு எட்டுகிற புத்தகம் இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க எழுதினார். கே அண்ட் ஆரும் அப்படித்தான் பி.எச்.ஐ.யின் இந்தியப் பதிப்பாக நமக்குக் கிடைத்தது. ஓரைலி புத்தகங்களை மும்பையின் ஷ்ராஃப் மலிவுப் பதிப்பாகப் போடுகிறது. முதலில் அவற்றைத் தேடுங்கள்.

தேடும்போது முதுகைப் பாருங்கள். வெறும் பசை வைத்து ஒட்டிய பைண்டிங் நம் ஊரில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிசயம், நடுவில் பிளந்து தாள் தாளாக வரும். நூல் போட்டுத் தைத்தது நிற்கும். வாங்கிய பிறகு பிளந்தால், பைண்டிங் கடையில் கொடுத்துத் தையல் போட்டு காலிகோ ஒட்டி வாங்கிவிடுங்கள், மழையில் நனைகிற மேற்குச் சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள். நடைபாதையில் விற்கும் கள்ளப் பதிப்பு வேண்டவே வேண்டாம். எழுதியவருக்குச் சேர வேண்டியது சேராது என்பது ஒரு பக்கம். மங்கிய அச்சில் அரைப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் புரோகிராம் புத்தகத்தை வைத்து என்ன செய்ய?

வாங்கும் முன் படித்துப் பார்க்க நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. நீங்கள் தினமும் கடந்து போகிற திருவனந்தபுரத்தில், பாளையத்தில், 1829-இல் தொடங்கிய மாநில மைய நூலகம் இருக்கிறது. கேட்ட புத்தகம் இல்லையென்றால் வாங்கிப் போடச் சொல்லி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். யாரும் கேட்காததால்தான் பல நூலகங்களில் கம்ப்யூட்டர் அடுக்கு பழசாகவே கிடக்கிறது. ரயிலில் போனில் படிக்கச் சட்டப்படியே இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. ஏபல்சனும் சஸ்மனும் எழுதிய 'ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரிடேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்' முழுப் புத்தகமும் எம்ஐடி வெளியீடாக இணையத்தில் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் இருவர் எழுதிய 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' அத்தியாயம் அத்தியாயமாக இலவசம். இரணியலுக்கும் கழக்கூட்டத்துக்கும் நடுவே ஒரு அத்தியாயம் தாராளமாக முடியும்.

தமிழில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2012 முதல் கணியம் நண்பர்கள் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் என்று எளிய தமிழில் எழுதி, யாரும் எடுத்துப் பகிரும் உரிமத்தோடு வெளியிட்டுவருகிறார்கள். தங்கள் சொந்த நேரத்தைப் போட்டுச் செய்கிற பெரிய வேலை அது. ஆனால் நமக்கு இன்னும் வராத ஒன்று உண்டு. நிறுவுவது எப்படி, எழுதுவது எப்படி என்று சொல்லும் நூல்கள் வந்துவிட்டன. டைம் வெயிட் ஏன் இருக்கிறது என்று நூறு பக்கத்தில் தமிழில் சொல்லும் நூல் வரவில்லை. நெட்வொர்க்கையும் டேட்டாபேஸையும் தினமும் தொட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் அதை எழுத முடியும். உங்கள் கடிதத்தின் தமிழைப் பார்த்தபோது எனக்கு அந்த ஆசை வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போனஸ் பணத்துக்கு வருகிறேன். பென்ட்லியும் கே அண்ட் ஆரும் மெலிந்த புத்தகங்கள், முதலில் அவற்றை வாங்கிவிடுங்கள். பிறகு கிளெப்மன். ஸ்டீவன்ஸின் டிசிபி/ஐபி புத்தகத்தில் 1994 பதிப்பு படிக்கச் சுகமானது. கெவின் ஃபால் புதுப்பித்த 2011 பதிப்பு தடிமன் கூடியது, ஐபிவி6 எல்லாம் உள்ளது, தேடிப் பார்க்க அதுதான் உதவும். பழையது எங்கேயாவது கிடைத்தால் விடாதீர்கள், இல்லையென்றால் புதியதை வாங்குங்கள். க்னூத்தின் எல்லாப் பாகங்களையும் பெட்டியோடு வாங்கி அழகுக்கு வைக்க வேண்டாம். மூன்றாம் பாகம் ஒன்று போதும், அதில் தேடல் பற்றிய ஆறாம் அத்தியாயம். டேட்டாபேஸ் இண்டெக்ஸுகளுக்கு அடியில் ஓடும் பி-ட்ரீ அங்கேதான் வருகிறது. கணக்கு கடினமாக இருக்கும். பென்சிலும் தாளும் இல்லாமல் உட்காராதீர்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. நீங்கள் வேலை பார்ப்பது போஸ்ட்கிரெஸிலா ஆரக்கிளிலா என்று கடிதத்தில் எழுதவில்லை. எழுதுங்கள், அந்த அத்தியாயத்தில் எங்கிருந்து தொடங்கலாம் என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி
நாகர்கோவில்